செவ்வாய்க்கு ஓடிய முருகையா

முருகையாவை வெட்கப்பட வைப்பது மிகச் சுலபம். யாராவது கொஞ்சம் உரக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே தலை குனிந்துவிடும். அப்படிப்பட்ட மனிதருக்குப் போய்க் கடவுள் இப்படியொரு யோசனையைக் கொடுத்திருக்க வேண்டாம்.

சுவா என்ற ஊர்ப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். ரப்பர் பாலை உறையவைத்து ஷீட்டாக உருட்டும் ஸ்டோரில் அவருக்கு வேலை. வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டில் ஒளிந்து அவனோடு சண்டைபோட்ட கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாதென்று நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு, போகவர கேட்டில் சோதனை வைத்திருந்தார்கள். மடியில் சோற்றுப் பொட்டலம் இருந்தாலே பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கம்பிக்குள் உட்கார்ந்துகொண்டுதான் முருகையா செவ்வாய்க் கிரகத்துக்குப் போக வழி கண்டுபிடித்தார்.

சூரியனைச் சுற்றி மலை மலையாகப் பாறைகள் ஓடுகின்றன, சில நம் பூமியை ஒட்டியே வந்துபோகின்றன என்று பத்திரிகையில் ஒரு மூலையில் போட்டிருந்தது. மற்றவர்கள் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்கள். இவருக்கு விறகு லாரி ஞாபகம் வந்தது. எங்கள் மேட்டு வளைவில் விறகு லாரி நிற்காது, வேகம்தான் குறையும். கூடவே ஓடி, நம் ஓட்டமும் அதன் ஓட்டமும் ஒன்றாகிற நேரம் பார்த்துப் பின்பலகையைப் பிடித்துத் தாவ வேண்டும். அப்புறம் மம்பாவ் டவுன் வரை கவலையில்லை. வானத்துப் பாறையிலும் அப்படியே ஏறிக்கொண்டால் என்ன என்று ஒருநாள் கள்ளுக்கடையில், கள் கொடுத்த தைரியத்தில், கேட்டுவிட்டார்.

புகைக்கொட்டகையில் ஷீட் தொங்கவிடும் வீரமுத்துவுக்கு வாய் சும்மா இருக்காது.

“அண்ணே, லாரி வேகத்துக்கு நம்மளே ஓட முடிஞ்சா அப்புறம் லாரி எதுக்கு? நேரா ஓடியே போயிரலாம்லா!”

கடையே அதிர்ந்தது.

“ஏறுற வரைக்கும்தாண்டா ஓடணும்” என்றார் முருகையா. “ஏறிட்டா அது தூக்கிட்டுப் போவும். பாறையக் குடைஞ்சு உள்ள குந்திக்கிட்டா வெயில் படாது. ஐஸ் கெடந்தா உருக்கித் தண்ணி குடிக்கலாம். வீடு, தண்ணி எல்லாத்தையும் நம்ம சுமந்துக்கிட்டுப் போவ வேணாம்.”

நல்ல பதில்தான். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அது யார் காதில் விழுந்தது?

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அவர் மனைவி முத்தாயியைப் பிடித்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கு எப்போது குடிபோகிறீர்கள், அங்கே லயம் கட்டியாகிவிட்டதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் வாளியை வீசினாள்.

“இனிமே அந்தக் கல்லப் பத்தி வாயத் தொறந்தீங்க, என் தாலி மேல ஆணை!”

அவர் வாய் திறக்கவில்லை. கைதான் அடங்கவில்லை. ஒருநாள் உருட்டிய ஈர ஷீட் ஒன்றில் ஆணியால் கீறினார். பூமி ஓடும் பாதை ஒரு வட்டம். அதை வெட்டிப்போகும் பாறையின் பாதை முட்டை வடிவம். இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் ஓடுகிற ஒரு சின்ன ஆள். பிறகு எடுத்துப்போட்டுவிடலாம் என்றிருந்தார். அதற்குள் வீரமுத்து மற்ற ஷீட்டுகளோடு அதையும் புகைக்குத் தொங்கவிட்டுவிட்டான்.

புகையில் வெந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பதுதான் வழக்கம். அன்று பார்த்தது, சோதனைக்கு வந்த போலீஸ் துரை.

எல்லோரையும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிறுத்தினார்கள். துரை சொல்லச் சொல்ல, தோட்டத்து ஆபீஸ் கிராணி கனகசுந்தரம் தன் யாழ்ப்பாணத் தமிழில் எடுத்துச் சொன்னார்.

“வட்டம் எங்கட வேலியாம். மற்றது காட்டுப்பாதையாம். புள்ளடி போட்ட இடத்திலதான் அரிசி கைமாறுதாம். ஓடுறவன் அரிசி கொண்டு போறவனாம். கீறினவன் ஆரெண்டு துரை கேக்கிறார்.”

முருகையா இரண்டாவது வரிசையில்தான் நின்றார். உயிருக்குப் பயந்து பேசாமல் நின்றிருந்தால்கூட மன்னித்துவிடலாம். அந்த மனிதர் பயந்தது சிரிப்புக்கு! இத்தனை பேர் முன்னால் மறுபடி அந்தப் பாறையைப் பற்றிச் சொல்ல வேண்டுமே என்று நினைத்ததும் முன்வரிசை ஆளின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். ஷீட்டைத் தொங்கவிட்டவன் என்று வீரமுத்துவை ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் மனைவி பஞ்சாலை கைப்பிள்ளையோடு கேட் வரைக்கும் அலறிக்கொண்டு ஓடினாள்.

சாயங்காலத்துக்குள் விட்டுவிடுவார்கள் என்று முருகையா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விடவில்லை. பஞ்சாலையைத் தேற்றப் போயிருந்த முத்தாயி திரும்பி வந்து வாசலிலேயே நின்றாள்.

“ஓடுற ஆளு படமாமே. நீங்கதானா?”

“நீதானே தாலி மேல ஆணைன்னு...”

“அட சீ! என் தாலிய நெனச்சீங்களே, அவ தாலிய நெனச்சுப் பாத்தீங்களா?”

மறுநாள் காலை துரை வீரமுத்துவோடு களத்துக்கு வந்து அதே கேள்வியைக் கேட்டார். முருகையா முன்னால் போனார். நிலத்தைப் பார்த்தபடியே முழுவதையும் சொன்னார். கிராணி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இதை நான் எப்பிடியடா இங்கிலீஷில சொல்லுறது? எனக்கெல்லோ வெக்கமாக் கிடக்கு.”

சொன்னார். துரை நம்பவில்லை. பாறையில் எப்படி ஏறுவது என்று ஓடிக் காட்டச் சொன்னார்.

முருகையா ஓடினார். இல்லாத லாரியோடு கூடவே, அரைக்கால் சட்டை தொளதொளக்க, ஒரு கையை நீட்டிக்கொண்டு ஓடினார். தாவினார். தாவி, வெறும் தரையில் குந்தி, காற்று தள்ளிவிடும்போல இரண்டு கையாலும் மண்ணைப் பற்றிக்கொண்டார்.

யாரோ ஒருத்தி களுக்கென்றாள். அவ்வளவுதான். பயத்தில் கல்லாய் நின்றிருந்த களம் மொத்தமும் வெடித்துச் சிரித்தது. ‘செவ்வாய்! செவ்வாய்!’ என்று கத்தினார்கள். துரை அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சொல்லிக்கொடுத்து வருகிற சிரிப்பு இல்லை அது. கிராணியின் இங்கிலீஷை நம்பாத மனிதர் அதை நம்பினார். வீரமுத்துவின் விலங்கைக் கழற்றச் சொன்னார்.

வீரமுத்து நேராக முருகையாவிடம் வந்தான். ஒரு கண் வீங்கி மூடிக்கிடந்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

“நேத்தே ஓடிக் காட்டியிருக்கலாமேண்ணே” என்றான்.

தரையில் குந்தியிருந்த முருகையா பற்றியிருந்த மண்ணை விடவேயில்லை.

அதற்குப் பிறகு பாறையைப் பற்றிப் பேச அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை. யார் கேட்டாலும் சொல்வார். கேட்டால் ஓடியும் காட்டுவார். பல வருடம் கழித்து மனிதன் நிலாவில் இறங்கியபோது அவரைச் சுற்றி ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. ஆனால் சரியாகத் திறக்காத அந்த ஒற்றைக் கண்ணோடு வீரமுத்து வந்துவிட்டால், பேச்சு பாதியில் நின்றுவிடும்.

“சொல்லுங்கண்ணே” என்பான் வீரமுத்து, உண்மையாகவே கேட்க ஆசைப்பட்டு. “ஏறுற வரைக்கும்தானே ஓடணும்?”

முருகையா தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.