மாமா என்றால் யார்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். பழைய புத்தகக் கடையில் 'ஜார்ஜியக் கதைகள்' என்ற இங்கிலீஷ் புத்தகத்தை, ஜார்ஜ் மன்னர் காலத்து இங்கிலாந்துக் கதைகள் என்று நினைத்து வாங்கினேன். பிரித்தால் பனிமலை, திராட்சைக் கொடி, மாதுளை மரம். ஜார்ஜியா என்றொரு தேசம் இருப்பதும், அதற்குத் தனி மொழி இருப்பதும் அன்றுதான் தெரிந்தது.

ஒரு கதை முழுக்க ஒரு சிறுமியின் கடிதம். "மாமா, மாதுளை பூத்துவிட்டது, நீ வரவில்லை" என்று எழுதுகிறாள். இங்கிலீஷில் மாமா என்றால் அம்மாதானே. இறந்துபோன என் அம்மாவை நினைத்து அழுதேன்.

கடைசிப் பக்கத்தில், மொழிபெயர்க்காமல் விட்ட ஜார்ஜியச் சொற்களுக்கு அருஞ்சொற்பொருள் இருந்தது. மாமா: அப்பா.

கடல்காற்றில் அந்தப் பக்கம் வெகுநேரம் படபடத்துக்கொண்டிருந்தது.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனாவில் இருந்தபோதுதான் அம்மா இறந்தாள். அவர் வந்து சேர நாலு மாதமாயிற்று. அதற்காகவே ஆறு வருடமாக அவரிடம் நான் முகங்கொடுத்துப் பேசவில்லை. அந்த நாலு மாதமும் அவர் வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை மறந்தேபோயிருந்தேன்.

அப்பா கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். "பப்பா, ஒரு கதை படிக்கட்டுமா?" என்றேன். தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு அப்பாவுக்கா எழுதுது?"

"ஆமா பப்பா."

"இன்னொரு தபா படி."

இரண்டாம் தடவை புத்தகம் தேவைப்படவில்லை. அவரைப் பார்த்தே சொன்னேன்.