கொழுந்துக் கூடைக்கு வெட்கப்பட்டவன்

முதலில் நின்றது என் பேச்சு. பாக்டரியிலிருந்து லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசை) ஏறும்போது பின்னால் வந்தவன் ஏதோ கேட்டான். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. திமிர் பிடித்தவன் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூச்சு வாங்குகிறது என்று சொல்ல வெட்கம்.

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை பாக்டரியில் பன்னிரண்டு வருடம் தூள் சலித்தேன். தூசு புருவம் வரை படியும். துப்பினால் எச்சிலும் தேயிலை நிறம். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன், மடையன்.

எனக்கு க்ஷயம் (காசநோய்) என்று லயத்தில் பேச்சுக் கிளம்பியதும் தோட்டத்து டாக்டரிடம் போனேன். அவர் மலையாளி. நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார்.

"க்ஷயமில்ல. தூசு கேறி நெஞ்சு கெட்டுப்போச்சு. பாக்டரியை விட்டு வந்தா இத்தோட நிக்கும். கொழுந்து கிள்ளப் போ, கேட்டோ."

என் வேலையை மாற்றச் சொல்லி, தோட்ட மேனேஜர் துரைக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுவது பெண்கள் வேலை. அவர்களோடு வரிசையில், முதுகில் கூடையோடு நானா? சீட்டைக் கிழித்து ஓடையில் போட்டேன். மனைவி பேச்சியம்மாளிடம், "வெறும் சளியாம்" என்றேன். அவள் அதை நம்பித் தினமும் சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் வைத்தாள். கூசாமல் குடித்தேன்.

இரண்டு வருடம் கழித்துச் சல்லடைக்குப் பக்கத்திலேயே விழுந்தேன். ஆஸ்பத்திரியில் அவள் முன்னாலேயே டாக்டர் கத்தினார்: "அன்னைக்கே சீட்டு தந்தேனே, எந்தா செய்தே?" கெட்டது இனித் திரும்பாது, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

உண்மையைச் சொன்னேன். பேச்சி அழுவாள் என்று நினைத்தேன்.

"கொழுந்து கிள்ளுதது கேவலமாய்யா? அப்போ இருவது வருசமா நான் முதுவுல கேவலத்தையா சொமந்துட்டுத் திரியுதேன்?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

இப்போது அவள் வரிசையிலேயே கிள்ளுகிறேன். முதல் நாள் பெண்கள், "அண்ணே, கூடை எடுப்பா இருக்கு!" என்று சிரித்தார்கள். மூன்றாம் நாள் யாருக்கும் அது நினைவில்லை. இதற்குப் பயந்தா என் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டேன்? என்னைப் போல் மூச்சுக்கு அல்லாடுகிறவர்கள் இதைப் படித்தால், டாக்டர் சொன்ன அன்றே வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். ஊர்ச் சிரிப்பு இரண்டு நாள்தான்.

எனக்கு மலை என்பது இப்போது பத்து அடி. பத்து அடி ஏறி நின்று, மூச்சு வந்தபின் இன்னொரு பத்து அடி. காலைப் பொழுதில் பாதி இப்படியே போய்விடுகிறது. நான் நின்றால் முன்னே போகும் பேச்சியும் நிற்பாள். எனக்காக நிற்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். கூடைக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவாள். நேற்று மேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏழு தடவை கட்டினாள்.