சீலநாயக்கன்பட்டியில் இல்லாத மண்டபம்

என் மேசையின் கீழறையில் அறுபத்து நான்கு பக்கமுள்ள ஒரு சின்னப் புத்தகம் கிடக்கிறது. அட்டையில் துணிமூட்டையுடன் ஒரு பெண் நிற்கிறாள். பின்னால் ஒரு பஸ் புகை விடுகிறது. ஐம்பத்தெட்டாம் பக்கமும் ஐம்பத்தொன்பதாம் பக்கமும் வெல்லப்பாகு பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. வருஷா வருஷம் எறும்புகள் எப்படியோ மோப்பம் பிடித்து வருகின்றன. நான் தட்டிவிட்டுப் பழையபடி உள்ளே வைக்கிறேன். கத்தி முனையால் மெதுவாகப் பிரித்துவிடலாம்தான். பிரித்தால் படிக்கத் தோன்றும். அந்த இரண்டு பக்கங்களையும் எழுதிய பாவி நான் என்பதால் அந்த ஆசை எனக்கு இல்லை.

அட்டையில் என் பெயர் கிடையாது. 'சகோதரி ஹேமலதா' என்றுதான் இருக்கும். யுத்தத்துக்கு முன்பு சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அச்சுக்கூடத்திலிருந்து பெண் குழந்தைகளுக்கென்று மாதம் ஒரு கதைப் புத்தகம் வெளிவந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் எழுதியவள் ஹேமலதா. அந்த அம்மாள் என் காலத்துக்குள் மூன்று ஆண்களாக இருந்தாள். முதலில் ஒரு டிராயிங் மாஸ்டர்; அவர் எழுதியபோது கதாநாயகி விசாலி எங்கே போனாலும் சூரியாஸ்தமனம் ஆகும். அடுத்து ஒரு வக்கீல் குமாஸ்தா. அவர் காலத்தில் விசாலி அடிக்கடி சாட்சி சொன்னாள். மூன்றாவது நான். பி.ஏ. தேறாதவன், புரூஃப் பார்க்க வந்தவன். என் கையெழுத்து பெண்பிள்ளை எழுத்து மாதிரி இருப்பதை முதலாளி கண்டுபிடித்தார். கல்லூரி கண்டுபிடிக்காத ஒரே தகுதி அது. வாசகிகளின் கடிதங்களுக்கு அக்காவாகப் பதில் எழுதுவதில் தொடங்கி, ஐந்தே மாதத்தில் அக்காவாகவே ஆகிவிட்டேன்.

கதைச் சுருக்கத்தை முதலாளி நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதித் தருவார். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: விசாலிக்கு எப்போதும் பதினான்கு வயது. பதினைந்தானால் கல்யாணம் செய்ய வேண்டிவரும், கல்யாணமானால் கதை தீர்ந்துபோகும் என்பது அவர் கணக்கு. ஹேமலதாவைப் பார்க்க யாரும் வந்துவிடாதபடி, 'ஆசிரியை உடல் நலிவுற்றவர், யாரையும் சந்திப்பதில்லை' என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தார். அதன் பலனாக மாதந்தோறும் தபாலில் விபூதிப் பொட்டலங்கள் வந்தன. ஒரு வீட்டார் சுக்குப்பொடி அனுப்பினார்கள். சளி பிடித்தபோது அதைச் சாப்பிட்டேன், கேட்டது.

முதலாளியின் மனைவியை நாங்கள் முதலாளியம்மா என்போம். குமாரபாளையத்தில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். அச்சுக்கூடத்துக்குப் பின்னால்தான் வீடு; நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவைத் தாண்டி அவர் முன்பக்கம் வந்ததை நான் பார்த்ததில்லை. அச்சில் வீணான தாள்களை அடுப்பு பற்றவைக்க உள்ளே எடுத்துப் போவார்கள். அடுப்புக்குப் போகுமுன் அவற்றை அவர் படித்துவந்தார் என்பது எனக்குத் தெரியாது. எழுதுகிறவனுக்குத் தன்னை யார் படிக்கிறார்கள் என்பதுதான் கடைசியாகத் தெரியவருகிறது.

நான் எழுதிய பதினோராவது புத்தகத்தில், தாயில்லாத விசாலியை இரண்டு பிள்ளைக்காரருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுக்க ஏற்பாடு நடக்கிறது. அவள் மூட்டை கட்டிக்கொண்டு நாமக்கல்லில் பஸ் ஏறிச் சேலம் வந்து, ஓர் உபாத்தியாயினி வீட்டில் தஞ்சம் புகுகிறாள். பதினாறு பக்கம் ஒரு பாரம், நான்கு பாரம் ஒரு புத்தகம். கதை கூடினாலும் குறைந்தாலும் நான்கு பாரத்தில் அடங்கியாக வேண்டும். ஜலகண்டாபுரத்துக்காரரான ஃபோர்மேன் கையில் மசியோடு வந்து நின்றார்.

"நாலாவது பாரத்துல ரெண்டு பக்கம் வெத்தாக் கெடக்குதுங்க. விசாலியை இன்னுங் கொஞ்சம் நடக்க உடுங்க."

நடக்க விட்டேன். பஸ் நிலையம்வரை வந்தால் தெரிந்தவர் கண்ணில் படுவோம் என்று அஞ்சி, அவள் ஊருக்கு முன்னாலேயே சீலநாயக்கன்பட்டியில் இறங்குகிறாள்; கரும்புக் காட்டு வழியே நடந்து, ஒரு பாழடைந்த கல்மண்டபத்தில் விளக்கு வைக்கும் நேரம்வரை ஒளிந்திருக்கிறாள். சீலநாயக்கன்பட்டியை நான் பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி. அரைமணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன், பாரம் நிறைந்தது, நான் காபி சாப்பிடப் போனேன்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலைத் தபாலில் மோகனூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'அன்புள்ள அக்காவுக்கு. எனக்கும் அம்மா இல்லை. வயது பதினாலு. ஆற்றுக்கு அக்கரையில் ரெண்டு பிள்ளைக்காரருக்கு என்னைக் கொடுக்கப்போகிறார்கள். அங்கே எங்கள் பூமியும் அவர் பூமியும் பக்கம் பக்கமாம். வெள்ளிக்கிழமை அப்பா சந்தைக்குப் போவார். விசாலி வந்த வழியாகவே நான் வருகிறேன். உங்களுக்கு உடம்பு சரியில்லாததால் நானே சமைத்துப் போடுகிறேன்.'

கடிதத்தை முதலாளியிடம் கொண்டுபோய் நீட்டினேன்; அன்றே வெள்ளிக்கிழமை. பெண் இந்நேரம் பஸ்ஸில் இருப்பாள். முதலாளி கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, மைனர் பெண்ணைக் கடத்தியதாகக் கேஸ் வந்தால் ஹேமலதாவைப் பிடிப்பார்களா தன்னைப் பிடிப்பார்களா என்று கேட்டார். பிறகு அவரே என்னைப் பார்த்து, "உம்மைத்தான் பிடிப்பாங்க, நீர்தானே அக்கா" என்று கொஞ்சம் தெம்படைந்தார்.

பஸ் நிலையத்துக்கு ஓடினேன். நாமக்கல் பஸ்கள் இரண்டு வந்து போயின. பெண்ணின் அடையாளம் தெரியாது. இறங்கிய ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் உற்றுப் பார்த்தேன். முறுக்கு விற்ற ஓர் அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க, அப்பப் புடிச்சுப் பொம்பளப் புள்ளைகளையே பாத்துட்டு நிக்கறீங்களே, ஊட்டுல அக்கா தங்கச்சி இல்லீங்களா?"

அக்காவே நான்தான் என்று அவளிடம் சொல்ல முடியவில்லை.

மூன்று மணிக்கு வெறுங்கையோடு திரும்பினேன். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஃபோர்மேன் அச்சு இயந்திரத்தை நிறுத்தியிருந்தார். அந்த நிசப்தத்தில் நடுக்கதவு திறந்தது. முதலாளியம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க தம்பி, பஸ் ஸ்டாண்டுல போயி எதுக்கு நின்னீங்க?"

"அங்கதானுங்களே பஸ் வரும்."

"விசாலி பஸ் ஸ்டாண்டுல எறங்கலீங்களே. சீலநாயக்கன்பட்டியிலயே எறங்கிட்டாளே. நீங்க எழுதுனது உங்களுக்கே நெனப்பில்லீங்களா?"

இல்லை. அந்த இரண்டு பக்கங்களும் என் நினைவிலிருந்து அடியோடு போயிருந்தன. என் வாழ்க்கையில் பிற்பாடு பலர் என் எழுத்தை மோசம் என்று சொல்லியிருக்கிறார்கள். எதுவும் இவ்வளவு சுட்டதில்லை.

முதலாளி எழுந்தார். "நீ உள்ள போ, நாங்க போயிப் பாக்கறோம்."

"ரெண்டு ஆம்பளைங்க போயி நின்னீங்கன்னா புள்ள பயந்து ஓடியே போயிரும். நான் வாரேன்" என்று சொல்லி, அவர் செருப்பைத் தேடினார். முன்வாசலில் அவருக்குச் செருப்பு இல்லை. வெறுங்காலோடு வந்து என்னோடு ஜட்கா வண்டியில் ஏறினார்; முதலாளி அச்சுக்கூடத்திலேயே நின்றுவிட்டார்.

ஜட்கா போகப்போக எனக்கு வேர்த்தது. பாதி வழியில் சொல்லிவிட்டேன். "அம்மா, அங்க மண்டபமே கெடையாதுங்க. பக்கம் ரொப்பறதுக்காக நானாப் போட்டது."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "இல்லாத மண்டபத்தை எத்தனை நேரமாத் தேடிட்டிருக்குதோ" என்றார். அவ்வளவுதான்.

சாலையிலிருந்து இறங்கிக் கரும்புக் காட்டுக்குள் நடந்தோம். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. காய்ந்த கரும்பிலையான சோகை உரசும் சத்தத்தைத் தவிர வேறில்லை. வழியில் ஒரு கிணறு வந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. முதலாளியம்மா அதன் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. அவர் திரும்பி நடந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கதையில் நான் கிணறு போடவில்லை. நிஜத்தில் இருந்தது.

அப்பால் வெல்லம் காய்ச்சும் கொட்டகை தெரிந்தது. கொப்பரையடியில் இரண்டு பெண்கள் சோகையைத் தள்ளி எரித்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் மூட்டை, ஒரு கையில் பாகில் தோய்த்த கரும்புத்துண்டு, மறு கையில் விரித்த புத்தகம். பாகு பக்கத்தில் சொட்டியது அவளுக்குத் தெரியவில்லை.

"உங்க ஊட்டுப் புள்ளைங்களா?" என்றாள் ஒருத்தி. "மத்தியானத்துல இருந்து மண்டபம் எங்க, மண்டபம் எங்கன்னு கேக்குதுங்க. அப்படி ஒண்ணு இங்க இல்ல சாமின்னா நம்ப மாட்டேங்குது. புஸ்தகத்துல போட்டிருக்குதாம். பொறந்ததுல இருந்து இங்கயே கெடக்கறேன், எனக்கே வழி சொல்லுது."

அந்தப் பெண் எழுந்து நின்று முதலாளியம்மாவைப் பார்த்தாள். "நீங்கதானுங்களா அக்கா?"

முதலாளியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமா அம்மிணி, நாந்தான். மண்டபம்னு தப்பா எழுதிப்போட்டேன்" என்றார்.

அன்றிரவு பெண் முதலாளியம்மாவிடம் தூங்கினாள்; மறுநாள் காலையில், அவள் விட்டுவந்த மற்றப் புத்தகங்களில் இருந்த விலாசத்தைப் பிடித்து அவளுடைய அப்பா வந்துவிட்டார். கூட இரண்டு பேர். முதலாளி காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் ஏதோ தேடப் போய், திரும்பவில்லை. "கதை எழுதிப் புள்ளைகளைக் கெடுக்கற அந்தப் பொம்பள எங்கீங்க?" என்று பெண்ணின் அப்பா கேட்டதற்கு, முதலாளியம்மா முன்கூடத்துக்கு வந்து, "நாந்தானுங்க" என்றார். "ஒரு வருசம் பொறுங்க. அவளும் சரின்னு சொன்னாப் பண்ணுங்க. அடிக்காம கூட்டிட்டுப் போங்க, அது போதும்." வந்தவர் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. "பாக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னார். பெண்ணின் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி மேசைமேல் போட்டார். வாசல்வரை போன அந்தப் பெண் திரும்பி, புத்தகத்தைத்தான் பார்த்தாள்.

அதன் பிறகு முதலாளியம்மா படிக்காமல் எந்தப் பாரமும் இயந்திரத்தில் ஏறவில்லை. நடுக்கதவில் நின்று அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த வழியில ஒரு புள்ள நெசமாலுமே வர முடியுங்களா, தம்பி?" நான் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினேன். அடுத்த தையில் முதலாளியின் ஒரே சட்டத்தையும் உடைத்தார். "விசாலிக்கு வயசாகட்டுமுங்க. கல்யாணமில்லாமயே பதினஞ்சாகட்டும்." முதலாளி நாள்காட்டித் தாளைக் கீழே வைத்துவிட்டார்.

அந்தப் புத்தகம் வெளிவந்து இருபது நாளில் மோகனூரிலிருந்து ஒரு கார்டு வந்தது. 'எனக்கும் பதினைந்து. இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறேன்.' அடுத்த வருஷம் விசாலிக்குப் பதினாறு என்று போட்டோம். 'எனக்கும்' என்று ஒரே சொல் வந்தது. அதற்கடுத்த தைக்குள் யுத்தம் வந்து காகிதம் கிடைக்காமல் போயிற்று. விசாலி நின்றுபோனாள். கார்டும் நின்றுபோயிற்று. பதில் எழுத அவளுக்குப் புத்தகம் இல்லை. நாங்களாகக் கடிதம் போட்டால் அது யார் கையில் கிடைக்குமோ என்று போடவும் பயம்.

முதலாளியம்மா படுக்கையில் விழுந்த பிறகு போய்ப் பார்த்தேன். எனக்கு அப்போது சிரிக்க எழுதுகிறவன் என்று கொஞ்சம் பெயர் வந்திருந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மோகனூர்ல இருந்து ஏதாச்சும் வந்துச்சுங்களா தம்பி?" என்றார். இல்லை என்றேன். தலையணைக்கு அடியிலிருந்து இந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அப்போதே பக்கங்கள் ஒட்டியிருந்தன.

போன மாதம் நாமக்கல்லில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பினேன். நான் பேசியதற்கு நன்றாகச் சிரித்தார்கள். சீலநாயக்கன்பட்டி வந்ததும் வழக்கம்போல ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். கரும்பு நின்றது. கொட்டகையில் புகை எழுந்தது. பஸ் நின்று, மூட்டையோடு யாரோ ஒரு பெண் இறங்கினாள். துணைக்கு ஆள் இருக்கிறதா என்று, பஸ் வளைவு திரும்புகிறவரை கழுத்தை ஒடித்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து கீழறையைத் திறந்தால், எறும்பு.