கொதிகலன் அறை எதல்ஜி

எதல்ஜி பந்தாக்கியை நான் முதன்முதலில் கண்டது 1974 ஜூன் மாதம், மெல்பேர்னின் தென்கிழக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் கொதிகலன் அறையில். அங்கே நோயியல் ஆய்வுகூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு கிழமைதான் ஆகியிருந்தது. எங்கள் பகுதிக்குச் சூடு வரவில்லை என்று முறையிடப் போயிருந்தேன். மெலிந்த, வெளுத்த மனிதர் ஒருவர் வாயையும் மூக்கையும் வெள்ளைக் கைக்குட்டையால் மூடிக் கட்டிக்கொண்டு, உலைக்குள் நிலக்கரிக் கட்டிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். உலைக் கதவு அவர் கையில் பட்டுவிட்டது.

"ஐயோ, சுட்டுடுச்சே!" என்றார்.

நான் திகைத்துப் போனேன். "நீங்கள் தமிழோ?"

"பார்சி சார். ஆனா பொறந்து வளர்ந்ததெல்லாம் மெட்ராஸ், ராயபுரம்" என்று கைக்குட்டையை இறக்கிச் சிரித்தார்.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரிடம் போவது வழக்கமாகிவிட்டது. எனக்கு முப்பத்து நான்கு வயது, அவருக்கு நாற்பத்தெட்டு. நான் அவரை அண்ணை என்றேன். கேதீஸ்வரன் என்ற என் பெயரை அவர் கேதீஸ் ஆக்கிக்கொண்டார்.

அவருடையது குருமார் குடும்பம். பதினான்கு வயதில் பம்பாய்க்கு அனுப்பி, சடங்குகள் செய்வித்து, அவரையும் குருவாக்கியிருந்தார்கள். மெட்ராஸில் பார்சிகள் கொஞ்சப் பேர்தான். அதனால் அவர் துறைமுகத்துக் கப்பல் கம்பெனி ஒன்றில் கிளார்க்காக இருந்துகொண்டே, ராயபுரத்து நெருப்புக் கோயிலில் பெரிய குருவுக்கு உதவியாக ஓதி வந்தார். கம்பெனி மூடிய பிறகு மனைவி மெஹ்ரூவுடன் இங்கே வந்தார். பிள்ளைகள் இல்லை. கிளார்க் வேலைக்கு அவரை எடுக்க ஒருவரும் முன்வரவில்லை. கிடைத்தது இந்த உலைதான்.

"பாரு கேதீஸ், வேற எந்த வேலைனாலும் அழுதிருப்பேன். நெருப்புக்குத் தீனி போடுறதுதானே எங்க தொழிலே" என்பார்.

மூச்சுக்காற்றும் எச்சிலும் நெருப்பில் படக்கூடாது என்பதற்காகத்தான் கைக்குட்டை. காலையில் வந்ததும் சட்டைக்குள் போட்டிருக்கும் வெள்ளை மல் பனியனுக்கு மேலே சுற்றிய கம்பளிநூல் கயிற்றை அவிழ்த்து, நெருப்பைப் பார்த்து ஓதிக்கொண்டே மறுபடி கட்டுவார். இறந்த உடல், வெட்டிய நகம், உதிர்ந்த முடி எதையும் நெருப்பில் இடக்கூடாது. அதைவிடப் பெரிய பாவம் அவர்களுக்கு இல்லை. பக்கத்திலேயே இருந்த எரியுலையில் ஆஸ்பத்திரிக் கழிவுகளை எரித்தவர் ஓர் இத்தாலியர். எதல்ஜி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

1976இல் அந்த இத்தாலியர் முதுகு முறிந்து வேலையை விட்டுப் போனார். அவருக்குப் பதிலாக ஆள் எடுக்கவில்லை. இரண்டு உலைகளையும் எதல்ஜியே பார்க்கட்டும் என்றார் மேற்பார்வையாளர். எதல்ஜி கெஞ்சிப் பார்த்தார். குப்பைதானே, இதில் என்ன சமயம் என்று அவர் கேட்டார். கெட்டவர் அல்ல, அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. மெஹ்ரூவுக்கு அப்போது நீரிழிவு முற்றிக் கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது. ஐம்பது வயதில் வேறு வேலை தேடும் தெம்பு எதல்ஜிக்கு இல்லை. ஒப்புக்கொண்டார்.

அந்த உலைக்குப் போன வாளிகள் என் ஆய்வுகூடத்திலிருந்துதான் போயின. வெட்டி எடுத்த குடல், கட்டி, விரல், சிலவேளை ஒரு முழுக் கை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பட்டியலில் கையெழுத்து வைத்து அனுப்பியவன் நான். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதன்பிறகு அவர் கைக்குட்டை கட்டவில்லை. கயிற்றையும் பனியனையும் மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார். அப்போது மெல்பேர்னில் பார்சிக் குடும்பங்கள் இருபதுகூட இருந்திருக்காது. குருப்பட்டம் பெற்றவர் இவர் ஒருவர்தான். பிள்ளைக்குக் கயிறு கட்டி வைக்க வேண்டும், தகப்பன் செத்துப்போனார் வந்து ஓத வேண்டும் என்று கூப்பிடுவார்கள். "மறந்துபோச்சுங்க" என்று போனை வைத்துவிடுவார். பெரிய மனிதர் என்ற நினைப்பு இவருக்கு என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

1978 பெப்ரவரியில் மெஹ்ரூவின் இடது காலில் புண் அழுகி, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் அது என் மேசைக்கு வந்தது. பந்தாக்கி என்று சீட்டு ஒட்டியிருந்தது.

சீட்டை உரித்துவிட்டால் அவருக்குத் தெரியவே வராது. ஒரு நிமிடம் அப்படியும் நினைத்தேன். பிறகு எழும்பிக் கீழே போனேன்.

"அண்ணை, அக்காவின்ரை கால் என்னட்டை இருக்கு. வெள்ளிக்கிழமை கீழ வரும்."

அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அது என் கையால அதுக்குள்ள போகக்கூடாது, கேதீஸ்" என்றார்.

"குடும்பம் கேட்டால் திருப்பிக் குடுக்கலாம். ஒரு படிவம் இருக்கு. நான் கொண்டு வாறன்."

சனிக்கிழமை காலை என் பழைய ஹோல்டன் காரில் போனோம். வெள்ளைத் துணியில் சுற்றிய பெட்டியை அவர் மடியில் வைத்திருந்தார். ஸ்பிரிங்வேல் இடுகாட்டில் ஓர் ஓரமாகச் சிறு குழி வெட்டி வைத்திருந்தார்கள். பம்பாயில்போல் பிணத்தைக் கழுகுகளுக்கு விடும் கோபுரம் மெட்ராஸில் இல்லை. அங்கே அவர்கள் புதைப்பதுதான் வழக்கம். ஆகவே புதைப்பது அவருக்குப் புதிதல்ல. அவர் ஓதுவார் என்று நான் எதிர்பார்த்தேன். ஓதவில்லை; மண்ணைத் தள்ளி முடிந்ததும் காருக்கு நடந்தார்.

காரில் வரும்போது கேட்டார். "ரெண்டு வருஷமா எத்தனை பேரோட கையும் காலும் போட்டிருப்பேன்?"

"அவையள் எரிக்கிறதைப் பாவமெண்டு நினைக்கேல்லை, அண்ணை."

"பாவம் அவங்களுக்குச் செய்யல கேதீஸ். நெருப்புக்குச் செஞ்சேன். வாரா வாரம் செஞ்சேன். வேற வழியில்லன்னு சொல்லிக்கிட்டேன். இன்னிக்கு வழி இருந்துச்சு பாத்தியா? ஒரு படிவம்! இன்னிக்கும் நான் நெருப்பைக் காப்பாத்தல. என் பொண்டாட்டியைத்தான் காப்பாத்துனேன்."



திங்கட்கிழமை வேலையை விட்டார். இரண்டு மாதம் அலைந்தபின் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில், நின்றபடியே மடிக்கும் வேலை கிடைத்தது. மெஹ்ரூ சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தார். கணவர் ஏன் வேலையை விட்டார் என்று கேட்கவில்லையாம். ஆகஸ்டில், ஒரு குளிர்காலக் காலையில், மெஹ்ரூ இறந்துபோனார்.

ஓதுவதற்கு வேறு குரு இல்லை. சிட்னியில் ஒருவர் இருந்தார். அவரும் அப்போது பம்பாய் போயிருந்தார். எதல்ஜி அலுமாரியைத் திறந்து பனியனையும் கயிற்றையும் எடுத்தார். ஓதத் தொடங்கிய பிறகு வேற்றுச் சமயத்தவர் இறந்தவரின் முகம் பார்க்கக்கூடாது என்பதால் நான் இறுதிச்சடங்கு மண்டபத்துக்கு வெளியே, கதவோரம் நின்றேன். குரல் மட்டும் கேட்டது. மூன்று தடவை நின்றுபோனது. பிறகு தொடர்ந்தது.

வெளியே வந்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டார். "தீட்டுப்பட்டவன் சொன்னது அவளுக்குப் போய்ச் சேருமான்னு தெரியல. சொல்ல வேற ஆளில்ல."

பம்பாய்க்குக் கடிதம் எழுதித் தீட்டு நீங்க வழி கேட்டார். நேரில் வந்து ஒன்பது இரவு தனித்திருந்து சுத்தச் சடங்கு செய்துகொள்ள வேண்டும் என்று பதில் வந்தது. போகச் சொல்லி நான் வற்புறுத்தினேன்.

"நான் போய்ட்டா மாசா மாசம் அவளுக்கு யாரு ஓதுறது?" என்றார்.

போகவில்லை. மாதத்தில் ஒருநாள் மனைவிக்காக மட்டும் ஓதினார். மற்றவர்கள் கூப்பிட்டால் பழையபடி மறந்துபோச்சு என்றே சொன்னார்.

1979 டிசம்பரில் தொழிற்சாலையில் பெட்டி மடித்துக்கொண்டிருந்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவரைக் குறை சொன்ன அதே குடும்பங்கள்தான் வந்து அடக்கம் செய்தன. அவர்களில் முதியவர் ஒருவர் குஜராத்தி எழுத்திலிருந்த புத்தகத்தைப் பார்த்துத் தட்டுத்தடுமாறி வாசித்தார். பிறகு என்னிடம் வந்து, "எங்களுக்கு ஓத அவர் ஏன் ஒருநாளும் வரவில்லை? உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வாளிகளைப் பற்றியும் சேர்த்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். "எங்களிடம் சொல்லியிருக்கலாமே" என்றார்.