சப் ஜெயில் சுவர்

எங்கள் ஊர்ப் பழைய சப் ஜெயிலை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, உள்ளே போய் நின்று பார்த்து வரச் சொல்லி அம்மா என்னை நச்சரிக்க ஆரம்பித்துவிட்டாள். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கைதிகளை வேறு ஊருக்கு மாற்றிப் பல வருடமாகிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அப்பா அங்கே அடைபட்டிருந்தபோது நான் கைக்குழந்தை. கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தியதற்காகப் பலரோடு அவரையும் பிடித்துப் போட்டிருந்தார்கள். நினைத்த நேரத்தில் பார்க்க விடமாட்டார்கள். அதற்குப் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ரோட்டோரம் சுவரை ஒட்டி நின்று, தங்களுக்குள் பேசிக்கொள்வதுபோல வீட்டுச் சேதியை உரக்கச் சொல்வார்கள். ரோட்டில் நின்று பேசுகிறவர்களைப் போலீஸ்காரர் என்னவென்று விரட்டுவார்? அம்மாவும் சித்தியும் தினமும் போய், "பிள்ளை நல்லா வெளையாடுது" என்று கத்திவிட்டு வருவார்களாம்.

உண்மையில் நான் காய்ச்சலில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்திருக்கிறேன். கத்தி முடித்ததும் அதே இடத்தில் நின்று அம்மா சித்தியிடம் தணிந்த குரலில் அழுவாளாம். "இன்னைக்கும் கண்ணு முழிக்கலட்டி."

அப்பா ஜெயிலைப் பற்றிக் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அவர் போனபிறகு அம்மாவுக்கு அது ஒன்றுதான் குறை. "நான் சொன்னது அவுகளுக்குக் கேட்டுச்சா இல்லையான்னு தெரியாமலே போயிருவேன் போல." கேட்டிருந்தால் மனுஷன் நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்பது அவள் நினைப்பு.

வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் கேட்டுக்கொண்டு நான் உள்ளே போனேன். அம்மாவும் சித்தியும் வெளியே பழைய இடத்தில் நின்றார்கள். ரோட்டுப் பக்க அறையில் வௌவால் நாற்றம் குடலைப் பிடுங்கியது. தலைக்கு மேலே கம்பி போட்ட சின்னத் துவாரம் ஒன்று மட்டும் ரோட்டைப் பார்க்க இருந்தது.

"பிள்ளை நல்லா வெளையாடுது" என்று அம்மா கத்தியது தெளிவாகக் கேட்டது. அடுத்து அவள் சித்தியிடம் முணுமுணுத்ததும் கேட்டது.

"உள்ள பாம்பு கீம்பு கெடக்கப் போவுது. இவளை அனுப்பிட்டேனே."

"பாம்பெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு அந்தச் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒங்கப்பா ஜெயில்லருந்து வந்த அன்னைக்கு, பிள்ளை எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல" என்றாள். "செருப்பைக்கூடக் கழட்டாம நேரா வந்து, தூங்கிக்கிட்டிருந்த ஒன் மூக்குல வெரலை வச்சுப் பாத்தாக. இதென்ன கோட்டித்தனம்னு நான் ஏசுனேன்."