விரலில் மை இருந்தால்தான் விருந்து!

கல்யாணப் பந்திக்கு இடது கையை நீட்டிக்கொண்டு நுழைந்த அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு. இந்தத் தேர்தல் அன்றைக்கு, நாமக்கல்லில்!

கல்யாணம் என் நண்பர் பழனியப்பனின் மகளுக்கு. மனுஷர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். சர்வீஸ் முழுக்கத் தேர்தல் டியூட்டி பார்த்தவர். முகூர்த்தம் குறித்து, பத்திரிகையும் அடித்த பிறகு, அதே நாளில்தான் வாக்குப்பதிவு என்று அறிவிப்பு வந்தது. வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். இவர் குஷியாகிவிட்டார்.

நான் போய்ச் சேரும்போது தாலி கட்டி முடிந்திருந்தது. சாப்பாட்டு ஹால் வாசலில் ஒரு போர்டு – ‘விரலில் மை இருந்தால்தான் விருந்து’. பக்கத்திலேயே பழனியப்பன், பட்டு வேட்டியில், செக்போஸ்ட் மாதிரி!

“என்னய்யா கூத்து இது?” என்றேன்.

“எல்லாம் நீ எழுதினதுதான். ஓட்டுப் போடறதைக் கட்டாயமாக்கணும்னு போன மாசம் உன் கட்டுரையில பொளந்து கட்டினியே... நான் செஞ்சே காட்டறேன் பாரு!”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் எழுத்துக்கு இப்படி ஒரு பவரா? ஏழு மணிக்கே எங்கள் ஊர் அஸ்தம்பட்டியில் ஓட்டுப் போட்டுவிட்டு வண்டியை விரட்டிக்கொண்டு வந்தவனாயிற்றே. விரலை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். பாஸ்!

எனக்குப் பின்னால் வந்தவர் பழனியப்பனின் சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா. திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருக்கிறார். அவர் விரலில் மை இல்லை. அவர் மனைவி விரலில் இல்லை. அவர்களுக்குப் பின்னால் ஒரு பஸ் ஜனம்... ஒருத்தர் விரலிலும் இல்லை!

எப்படி இருக்கும்? சீர், சடங்கு என்று விடிவதற்கு முன்பே பஸ் ஏறியவர்கள். பூத் திறப்பதே ஏழு மணிக்கு. தேர்தல் டியூட்டியிலேயே நரைத்த தலைக்கு இது தோன்றவே இல்லை. எனக்கும்தான்.

சம்பந்தி போர்டைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

“ஏனுங்க சம்பந்தி... அப்ப நாங்க கெளம்பறோமுங்க. ஓட்டைப் போட்டுட்டு எங்க ஊட்டுலயே சாப்ட்டுக்கறோம்.”

எங்கள் பக்கத்தில் சம்பந்தி கை நனைக்காமல் போவது சாதாரண விஷயமா? பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள். மாலையும் கழுத்துமாக நின்ற பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. பழனியப்பன் தவித்தார். போர்டை எடுத்தால் மானம் போகும். எடுக்காவிட்டால் மகள் போகிற வீட்டில் முதல் நாளே கசப்பு. அவர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

அப்போதுதான் சமையல் மாஸ்டர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

“சாமி, ஒரு சந்தேகமுங்க. நாங்க அத்தனை பேரும் சேந்தமங்கலம். நேத்து வந்து அடுப்பு பத்த வச்சவங்க இன்னும் நகரலீங்க. எங்க கையிலயும் மை இல்லை. நாங்க ஆக்குன சோத்தை நீங்க சாப்பிடலாமுங்களா?”



முதலில் சிரித்தது சம்பந்திதான். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அது அப்படியே எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. பழனியப்பன் போர்டைப் பிடுங்கி மூலையில் போட்டார்.

“மாஸ்டர், வேன் நிக்குது. எல்லாரும் போய் ஓட்டுப் போட்டுட்டு வாங்க!”

“பரிமாற ஆளுங்க?”

“நானு இருக்கறனுங்க!” – சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கிவிட்டார். பழனியப்பன் விடுவாரா? பாய்ந்து போய்ப் பொரியலை எடுத்தார். என் தலையில் ரசம். நான் ஊற்றியதில் பாதி இலையில், மீதி மாப்பிள்ளையின் சித்தப்பா மடியில். கல்யாணப் பெண் அப்பளம் வைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அப்படி ஒரு பந்தியை நான் பார்த்ததே இல்லை!

கடைசிப் பந்தியில் சம்பந்திகள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பரிமாறியது, ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பி வந்த மாஸ்டர். மாப்பிள்ளை வீட்டு பஸ், சாயங்காலம் நேராகப் பூத்துக்கே போய் நின்றதாம்.

சரி, ஓட்டுப் போடுவதைக் கட்டாயமாக்கலாமா? ஆக்கலாம் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால், போடாதவன் எல்லாம் சோம்பேறி என்று எழுதியிருந்தேன் பாருங்கள்... அதை மட்டும் வெட்கத்தோடு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நாம் ஜம்மென்று ஓட்டுப் போட்டுவிட்டு வருகிற அன்றைக்கும், நமக்காக யாரோ அடுப்படியில் நின்றுகொண்டுதானே இருக்கிறார்கள்?

சட்டம் தாராளமாகப் போடட்டும். சட்டம் போடுகிறவர்கள் தேர்தல் அன்றைக்கு ஒரு வேளையாவது சாம்பார் வாளியைத் தூக்கட்டும்!