விடுதித் தொலைக்காட்சியில் ஒரு தோட்டம்

கனடாவில் இருந்து அண்ணை அனுப்பிய வீடியோ விளையாட்டுப் பெட்டி என் பல்கலைக்கழக விடுதி இணையத்துக்குள் நுழைய முதலில் வழியே இருக்கவில்லை. அங்கே ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல். போனில் அதைக் கேட்டு ஒரு பக்கம் விரியும்; பெட்டியில் விரியாது. கணினிப் பிரிவு உத்தியோகத்தர்தான் பெட்டியின் இலக்கத்தை என் பெயரில் பதிந்து வழிவிட்டார். அரையாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

நானும் அண்ணையும் ஞாயிறுதோறும் இணையத்தில் சேர்ந்து விளையாடியது தோட்டம் செய்யும் விளையாட்டு. அச்சுவேலியில் வெங்காயத் தோட்டத்தை விட்டுப் போனவர், பனிக்குள் இருந்துகொண்டு திரையில் உழுதார். "இஞ்சை மண்வெட்டி பிடிக்கப் பஞ்சிப்பட்ட சோம்பேறி," என்று அப்பா சிரிப்பார். ஆனாலும், "உவன் இந்தமுறை என்ன நட்டிருக்கிறான்?" என்று ஒவ்வொரு ஞாயிறும் என்னிடம் கேட்கத் தவறமாட்டார்.

அண்ணைக்குப் போனில் பேசவே வராது. "ஓம், ஓம்" என்பதோடு சரி. கைக்கு ஒரு வேலை இருந்தால்தான் வாய் திறக்கும். ஊரிலும் அப்படித்தான். அப்பாவோடு என்ன கோபம் என்றாலும், அப்பா கிணற்றடியில் மோட்டரைப் பார்க்க, இவர் வாய்க்காலை வெட்டிவிட்டுப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டே எல்லாவற்றையும் கதைத்துத் தீர்த்துவிடுவார்.

போன மாசியில் அப்பா திடீரென்று இறந்தார். அண்ணையின் அகதி வழக்கு முடியவில்லை. புறப்பட்டால் திரும்பிப் போக முடியாது. தலைப்பிள்ளை இருக்க, சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தான். அண்ணை அதைப் போனில் நேரலையாகப் பார்த்தார். அதன்பிறகு யார் எடுத்தாலும் பதில் இல்லை. அம்மா அழுவதைக்கூட விட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருக்கா அவன்ரை குரலைக் கேட்டாப் போதும்," என்றார். எனக்குப் பயமாக இருந்தது.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த கையோடு பரீட்சைக்காக விடுதிக்கு வந்தேன். பெட்டியைப் பொது அறைத் தொலைக்காட்சியில் மாட்டினால் இணைப்பு இல்லை. அரையாண்டு முடிந்திருந்தது. கணினிப் பிரிவுக்கு ஓடினேன்.

"சோதினைக் கிழமையிலை கேமோ பிள்ளை?" என்றார் உத்தியோகத்தர்.

"அப்பா செத்துப்போனார் சேர். அண்ணை இதிலை மட்டுந்தான் கதைப்பார்."

அவர் உடனே கணினிப் பக்கம் திரும்பினார். இலக்கத்தைப் பதிந்துவிட்டு, "போய்ப் பாரும்," என்றார்.

ஞாயிறு காலை, வழமையாக விளையாடும் நேரத்துக்குப் பெட்டியைப் போட்டேன். செத்தவீட்டுத் தீட்டு, துடக்குக் கழியாமலே விளையாட வந்துவிட்டாள் என்று பின்னால் விடுதிப் பிள்ளைகள் இரண்டு பேர் குசுகுசுத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எரிச்சலோடு திரையையே பார்த்தேன். விளையாட்டில் அண்ணை ஆட்டுவிக்கும் பொம்மை ஆள் தோட்டத்தின் நடுவில் அசையாமல் நின்றது. பயிரெல்லாம் கருகிக் கிடந்தது. ஹெட்செட்டில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

நான் ஒரு கரையில் இருந்து தண்ணீர் விடத் தொடங்கினேன். கொஞ்சம் பொறுத்து அவரும் மற்றக் கரையில் தொடங்கினார். பாதித் தோட்டம் நனைந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"தங்கச்சி, அப்பான்ரை செத்தவீட்டு நாளையிலை எங்கடை தோட்டத்துக்கு ஆர் தண்ணி மாறினது?"

எனக்குத் தெரியவில்லை. தோட்டத்தை யார் நினைத்தார்கள்? போனில் அம்மாவை எடுத்தேன். ஹெட்செட்டைக் கழற்றிப் போனோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அண்ணை நிக்கிறார். தோட்டத்துக்கு ஆர் தண்ணி மாறினது எண்டு கேக்கிறார்," என்றேன்.

அம்மா என்னை விட்டுவிட்டு அண்ணையிடமே சொன்னார்.

"ஒருத்தரும் மாறேல்லைத் தம்பி. எல்லாம் காஞ்சு போச்சு."

அண்ணை வாய்விட்டு அழுது குழறினார். செத்தவீட்டில் குழற வேண்டியவர், அன்றைக்குத்தான் குழறினார். பின்னால் இருந்தவர்களில் ஒருத்தி எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள். போனுக்குள் அம்மா, "குழறு தம்பி, குழறு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.